வழிகாட்டி நாய் ஆகப்போகும் குட்டியை வீட்டில் எப்படி வளர்க்கிறார்கள்?

பார்வையில்லாத ஒருவரை நாய் ஒன்று தெருவில் கூட்டிக்கொண்டு போகும் வீடியோவைப் பார்த்தால் பெரும்பாலானோர் நினைப்பது, போக வேண்டிய இடத்தைச் சொன்னால் போதும், நாய் கொண்டுபோய் விட்டுவிடும் என்றுதான். உண்மையில் வழி தெரிந்திருக்க வேண்டியது மனிதருக்கு. சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலிருந்து எத்தனையாவது சந்தில் திரும்ப வேண்டும், எந்தக் கடையைத் தாண்டியதும் ரோட்டைக் கடக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவர் மனதில் இருக்கும். அவர்தான் ‘நேரே’, ‘இடது’, ‘வலது’ என்று சொல்வார். குறுக்கே இருப்பதைச் சுற்றிப் போவது நாயின் பொறுப்பு. நடைபாதையில் நிறுத்திய பைக், மூடி இல்லாத சாக்கடை, ஆள் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பேனர் கம்பி, எல்லாவற்றையும் பார்த்து விலகும். படியோ ரோட்டு விளிம்போ வந்தால் நின்றுவிடும். அந்தப் பேனர் கம்பி நாய்க்கு இடிக்காது, அதற்கு மேலே வெகு உயரத்தில் இருக்கிறது, ஆனாலும் கூட வருபவரின் தலைக்கு இடிக்கும் என்று கணக்குப் போட்டு விலகுகிறது பாருங்கள், அது சாதாரண விஷயம் இல்லை.

சிக்னல் விளக்கைப் பார்த்து நாய் முடிவெடுப்பதும் கிடையாது. நாய்களுக்குச் சிவப்பும் பச்சையும் நமக்குத் தெரிவது போலப் பிரிந்து தெரியாது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு, இப்போது கடக்கலாம் என்று முடிவு செய்வது மனிதர்தான். அவர் ‘நேரே’ என்று சொல்லும் நேரத்தில் ஒரு வண்டி வருவதை நாய் பார்த்துவிட்டால் சொன்னதைக் கேட்காமல் அசையாமல் நிற்கும். எப்போது கேட்கக் கூடாது என்று கற்றுக்கொடுக்கும் இந்தப் பாடம்தான் பயிற்சியிலேயே கடினமானது.

இதையெல்லாம் கற்றுக்கொடுப்பவர்கள் தேர்ந்த பயிற்றுநர்கள். இதற்கென்று இருக்கும் பள்ளிகளில், நாய்க்கு ஒரு வயது தாண்டிய பிறகு, சுமார் நான்கு முதல் ஆறு மாதம் வரை நடக்கும் பயிற்சி அது. சரி, அதுவரை அந்த நாய் எங்கே இருந்தது? ஏதோ ஒரு சாதாரணக் குடும்பத்தில், சமையலறைக்கும் வாசலுக்கும் நடுவில், பிள்ளைகளோடும் வீட்டு வேலைகளோடும் வளர்ந்துகொண்டிருந்தது. இந்தக் கட்டுரை அந்த ஒரு வருடத்தைப் பற்றியது.

கொஞ்சம் வரலாறு. வழிகாட்டி நாய்களை முறையாகப் பழக்கும் பள்ளி முதலில் தொடங்கியது ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில், 1916-இல், முதல் உலகப் போரில் பார்வை இழந்த சிப்பாய்களுக்காக. அமெரிக்காவில் 1929-இல் ‘தி சீயிங் ஐ’ பள்ளி ஆரம்பமானது. அதை உருவாக்கியவர்கள் டோரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற பெண்மணியும் பார்வையில்லாத இளைஞர் மோரிஸ் ஃப்ராங்கும். ஃப்ராங்கின் நாய்க்குப் பெயர் பட்டி (Buddy). பிரிட்டனில் 1931-இல் வாலசி என்ற ஊரில் நான்கு நாய்களோடு தொடங்கினார்கள். குட்டிகளைக் குடும்பங்களில் விட்டு வளர்க்கும் பழக்கம் இதற்கெல்லாம் பிறகு வந்தது. அமெரிக்காவில் 1940-களிலும் பிரிட்டனில் 1950-களிலும் அது நிலைபெற்றது. கொட்டகையில் வளரும் நாய் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் அதற்கு வீடு தெரியாது, கடை தெரியாது, மாடிப்படி தெரியாது, குழந்தை ஓடிவந்து கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று தெரியாது. அதற்கு ஒரு குடும்பம் வேண்டும்.

இன்றைக்குப் பல நாடுகளில் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான். ஏழெட்டு வாரக் குட்டி தன்னார்வலர் வீட்டுக்கு வருகிறது. பெரும்பாலும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், அல்லது இந்த இரண்டின் கலப்பு. சில பள்ளிகளில் ஜெர்மன் ஷெப்பர்டும் உண்டு. ஒன்று, ஒன்றே கால் வயது வரை அந்த வீட்டில் வளர்கிறது. பிறகு பள்ளி, பிறகு ஒரு பார்வையற்றவரோடு ஜோடி சேர்ப்பது. நடை வேகம், உயரம், வேலை, குணம் எல்லாம் பார்த்து, கிட்டத்தட்டப் பெண் பார்த்து மாப்பிள்ளை பார்த்துச் சேர்ப்பது போலவே சேர்க்கிறார்கள். அதன் பிறகு இருவரும் சில வாரங்கள் சேர்ந்து பழகுகிறார்கள். பத்து வயதை ஒட்டி நாய்க்கு ஓய்வு.

இங்கிலாந்தில் இருக்கும் என் பெரியம்மா மகள் இப்படிக் குட்டிகளை வளர்த்துக் கொடுப்பவர். அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது பார்த்ததும், பிறகு போனில் விடாமல் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் எனக்கு இதில் ஆர்வம் வரக் காரணம். இப்போது சேலத்தில், எங்கள் வீட்டில், சிட்டு என்ற லாப்ரடார் குட்டியை அதே முறையில் வளர்க்கிறோம். சிட்டு வழிகாட்டி நாய் ஆகப்போவதில்லை, அவள் எங்கள் வீட்டு நாய். ஆனால் அந்த முறையை நம் ஊர் வெயிலிலும் சத்தத்திலும் செய்து பார்க்கும்போதுதான் அதன் ஒவ்வொரு விதியும் எதற்காக வந்தது என்று புரிகிறது.

எல்லா விதிக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம். குட்டியை வளர்ப்பவர் வழிகாட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குக்கர் விசில், பஸ் ஹாரன், கூட்டம், எதிரே வரும் இன்னொரு நாய், தட்டில் இருக்கும் கறி என்று எதைப் பார்த்தாலும் ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று அந்தக் குட்டிக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான். ‘உட்கார்’, ‘படு’, ‘இரு’, ‘வா’ எல்லாம் எந்தக் குட்டிக்கும் சில வாரத்தில் வந்துவிடும், அதைப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. மனது பதறாமல் இருப்பதுதான் வர நாளாகும்.

முதலில் ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போகும் விஷயம், ஏனென்றால் வீட்டுக்கு வந்த முதல் மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கூட்டிப் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கே கூடுதலாக இரண்டு உண்டு. ஒன்று, செயினைக் கையில் பிடித்துக்கொண்டே, ஒரே இடத்துக்குக் கூட்டிப் போவது. எங்கள் வீட்டில் கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து மூலை. இரண்டு, குட்டி போகத் தொடங்கும் அந்த நொடியில் ஒரு சொல்லைச் சொல்வது, முடித்ததும் பாராட்டி ஒரு துண்டு தீனி கொடுப்பது. நாங்கள் ‘சீக்கிரம்’ என்கிறோம், எந்தச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை, வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னால் சரி. நாளடைவில் சொல்லைக் கேட்டதும் குட்டி போய்விடும். பார்வையில்லாதவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். ஆபீசுக்குக் கிளம்பும் முன் நாய் போயாக வேண்டும், எங்கே போனது என்று அவருக்குத் தெரிய வேண்டும், அதை அவரே எடுத்துப் போட வேண்டும். நாய் அவர் கைக்கு எட்டும் தூரத்தில், சொன்ன நேரத்தில் போனால்தான் அது நடக்கும்.

வீட்டுக்குள் போய்விட்டால் அடிப்பதும், மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பதும் நம் பக்கம் இன்னும் நடக்கிறது. செய்யவே கூடாது. குட்டிக்கு அதிலிருந்து புரிவது, ‘மனிதர் முன்னால் போனால் அடி விழும்’ என்பது மட்டும்தான். அப்புறம் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, கட்டிலுக்கு அடியில் போகும். செயின் பிடித்திருக்கும் ஆள் முன்னால் போகவே கூச்சப்படும் நாயை வைத்துக்கொண்டு பார்வையற்றவர் என்ன செய்ய முடியும்?

அடுத்தது சாப்பாடு. இதில்தான் நம் வீடுகளில் பெரிய போராட்டம். லாப்ரடாருக்குப் பசி அதிகம், எவ்வளவு போட்டாலும் இன்னும் வேண்டும் என்று நிற்கும். அது பேராசை இல்லை. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னது, ஏறத்தாழ நாலில் ஒரு லாப்ரடாருக்கு ‘பிஓஎம்சி’ (POMC) என்ற மரபணுவில் ஒரு சிறு பகுதி விடுபட்டிருக்கிறது, அந்த நாய்களுக்கு உணவின் மேல் நாட்டம் கூடுதல் என்று. அந்த மாற்றம் உதவி நாய்களாக வேலை செய்யும் லாப்ரடார்களிடம் இன்னும் அதிகமாக இருந்தது. தீனி கொடுத்துப் பழக்குகிறோம், தீனியை அதிகம் விரும்பும் நாய் சீக்கிரம் பழகுகிறது, அதனால் அப்படிப்பட்டவை அதிகம் தேர்வாகியிருக்கலாம். ஆக, எந்தப் பசியை வைத்து எல்லாம் சொல்லிக்கொடுக்கிறோமோ அதே பசிதான் ரோட்டில் ஆபத்தும் ஆகிறது. கீழே கிடப்பதை நாய் வாயில் போட்டுக்கொண்டால் பார்வையற்றவருக்கு அது தெரியவே தெரியாது.

சேலத்தில் சாயங்காலம் வெளியே போனால் தெருவுக்கு ஒரு தட்டுவடை செட் கடை இருக்கும். வண்டிக்குக் கீழே உடைந்த தட்டுவடை, சட்னி, வெங்காயம், பீட்ரூட் துருவல் எல்லாம் சிந்திக் கிடக்கும். வெங்காயம் நாய்க்கு ஆகாது, ரத்தச் சிவப்பணுவை அழிக்கும். மாம்பழ சீசனில் இன்னொரு தொல்லை, ரோட்டோரம் எல்லாம் மாங்கொட்டை. சூப்பிப் போட்ட கொட்டையை லாப்ரடார் அப்படியே விழுங்கிவிடும், குடலில் அடைத்துக்கொண்டால் ஆபரேஷன்தான். பாயசத்தில் போடும் உலர்திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு இவையும் கூடாது. ஏற்காட்டுப் பக்கம் எஸ்டேட்டில் குட்டி வளர்ப்பவர்கள் காப்பிப் பழம், காப்பிக்கொட்டை விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும், அதில் இருக்கும் கஃபீன் நாய்க்கு விஷம்.

‘விடு’ என்பதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முழு முறையும் இதில் தெரிந்துவிடும். ஒரு கையில் தீனியை வைத்து மூடிக்கொண்டு குட்டியின் மூக்குக்கு முன்னால் நீட்டுங்கள். நக்கும், மெல்லக் கடிக்கும், காலால் பிறாண்டும், ஒரு குரை குரைக்கும். நீங்கள் ஒன்றும் சொல்லக் கூடாது, கையை இழுக்கவும் கூடாது. சலித்துப்போய் ஒரு கணம் மூக்கைப் பின்னால் இழுக்கும். அந்தக் கணத்தில் ‘சரி’ என்று சொல்லி, இன்னொரு கையிலிருந்து வேறு ஒரு துண்டைக் கொடுங்கள். மூடிய கையில் இருந்ததைக் கடைசி வரை கொடுக்கவே கூடாது. சிட்டு நாலைந்து தடவையிலேயே மூடிய கையைப் பார்த்ததும் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். பிறகு கையைத் திறந்து வைத்து, பிறகு தரையில் வைத்து, பிறகு நடந்துகொண்டே, பிறகு தட்டுவடைக் கடையிலிருந்து தள்ளி நின்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டப் போய். ‘விடு’ என்ற சொல்லை இதற்கெல்லாம் நடுவில், அது தானாகவே விலகப் பழகிய பிறகு சேர்த்தால் போதும். திட்டு இல்லை, இழுப்பு இல்லை. விட்டால் நல்லது கிடைக்கும் என்று அதுவே கண்டுபிடிக்கிறது. முன்காலத்தில் செயினைச் சுண்டி இழுத்துத் திருத்துவார்கள், இப்போது பெரும்பாலான பள்ளிகள் பரிசு கொடுத்துப் பழக்கும் முறைக்கு மாறிவிட்டன.

குட்டிக்கு இது சீக்கிரம் வந்துவிடும், வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் வராது. எங்கள் அப்பத்தா சாப்பிட உட்கார்ந்தால் சிட்டு போய் எதிரே உட்கார்ந்துவிடுவாள். “பாவம் சாமி, வாயப் பாத்துட்டே உக்காந்திருக்குது, ஒரு வாய் சோறு போட்டா என்ன ஆயிரும்?” என்பார் அப்பத்தா. ஒரு வாய் போட்டால், சாப்பிடும் ஆள் முன்னால் உட்கார்ந்தால் சோறு வரும் என்று குட்டி தெரிந்துகொள்ளும், பிறகு ஓட்டலில் பக்கத்து மேசைக்காரர் முன்னாலும் போய் உட்காரும். அப்பத்தாவிடம் வேண்டாம் என்று சொல்லி முடியாது, கொடுக்கும் ஆசையும் நியாயமானதுதானே. அதனால் அவர் கையாலேயே, அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு, சிட்டுவின் தட்டில் அவளுடைய சாப்பாட்டைப் போடச் சொன்னோம். இப்போது அந்த வேளைச் சாப்பாடு அப்பத்தாவின் பொறுப்பு, வேறு யாராவது போட்டால் கோபித்துக்கொள்வார்.

வெளியுலகம் என்று வந்தால் காலம் முக்கியம். மூன்று வாரத்திலிருந்து சுமார் பதினான்கு வாரம் வரை குட்டியின் மூளை புதியவற்றை எளிதாக ஏற்றுக்கொள்ளும். அந்த வயதில் நல்லபடியாகப் பார்த்தவை, கேட்டவை, மிதித்தவை எல்லாம் பின்னால் சாதாரணமாகிவிடும், பார்க்காதவை பயமாகலாம். ஆனால் சிக்கல் என்னவென்றால், அதே வாரங்களில்தான் தடுப்பூசி முழுமை அடைந்திருக்காது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை. மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி. இடையில் பார்வோ வைரஸ் பிடித்தால் குட்டி பிழைப்பதே கஷ்டம், தெருநாய்கள் அதிகம் நடமாடும் மண்ணில் அது நிறைய இருக்கும். அதனால் பூட்டி வைக்கவும் கூடாது, இறக்கி விடவும் கூடாது. வழி எளிமையானது: தூக்கிக்கொண்டு போங்கள். ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் போகும் ரோட்டோரம் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். தலையில் கூடை வைத்தவர், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கட்டைக்கால் ஊன்றி வருபவர், யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் கூட்டமாக, எல்லோரையும் அது பாதுகாப்பான இடத்திலிருந்து பார்த்துக்கொள்ளும்.

சத்தத்துக்குப் பழக்குவதில் ஒரு அளவுகோல் இருக்கிறது, அக்கா சொல்லித் தந்ததில் எனக்கு மிகவும் உதவியது அதுதான். ஊசியெல்லாம் முடிந்த பிறகு சிட்டுவை அம்மாபேட்டைப் பக்கம் விசைத்தறி ஓடும் தெரு ஒன்றுக்குக் கூட்டிப் போயிருந்தேன். தறிச்சத்தம் தெரிந்ததுதானே, சுவரெல்லாம் அதிரும். தெருமுனையில் நின்றபோதே காது பின்னால் ஒட்டிக்கொண்டது, வால் தாழ்ந்தது, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டே இருந்தாள். தீனியை நீட்டினேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தீனிக்கு உயிரை விடும் லாப்ரடார் தீனியை வேண்டாம் என்றால் அது பயத்தில் இருக்கிறது, அந்த நிலையில் எதுவும் கற்றுக்கொள்ளாது. உடனே பின்வாங்கி, சத்தம் மெலிதாகக் கேட்கும் இடத்தில், ஒரு வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். அங்கே வாங்கித் தின்றாள். அதுதான் அன்றைய எல்லை. திண்ணையில் பாவு நூல் பிரித்துக்கொண்டிருந்த அம்மா, “சத்தத்துக்குப் பயப்படுதுங்களா? எங்க புள்ளைங்க தறிக்குப் பக்கத்துலயே தூங்குதுங்க, பழகிரும் கண்ணு, பழகிரும்” என்றார். அவர் சொன்னது சரிதான். அடுத்தடுத்த வாரங்களில் அந்தத் திண்ணையிலிருந்து சில அடி சில அடியாக முன்னால் நகர்ந்தோம். இப்போது தறிக்கூட வாசலிலேயே படுத்துக்கொள்கிறாள்.

இதற்கு நேர்மாறாகச் சிலர், பயத்தைப் போக்குகிறேன் என்று ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டத்துக்குள், மேளத்துக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவில் குட்டியை இழுத்துப் போவார்கள். அதில் பழகாது, வாழ்நாள் பயம்தான் வரும். அந்த நாட்களில் வீட்டில் கதவைச் சாத்தி, ஃபேனை ஓடவிட்டு, பக்கத்தில் இருங்கள். பழக்குவதற்கு வருடத்தில் மற்ற நாட்கள் இருக்கின்றன. ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலத்துக்கு அடியில் கான்கிரீட்டில் மோதித் திரும்பும் ஹாரன் சத்தமே போதுமான பாடம்.

வெயில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துக் குறிப்புகளில் இது ஒரு வரியில் முடிந்துவிடும், சேலத்தில் ஏப்ரல், மே மாதம் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும். தார் ரோடு அதைவிட இன்னும் அதிகமாகக் கொதிக்கும். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு நொடி தாங்க முடியவில்லை என்றால் குட்டியின் பாதமும் தாங்காது. காலை ஏழு மணிக்குள் அல்லது இருட்டிய பிறகு மட்டும் நடை. நடுவில் வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் தூக்கிப் போங்கள், அல்லது போகாதீர்கள்.

கோடையில் ஏற்காடு போகலாமே என்று தோன்றும். போகலாம், ஆனால் முதல் பயணமே அதுவாக இருக்கக் கூடாது. அடிவாரத்திலிருந்து மேலே ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள், குட்டிகளுக்குப் பெரியவர்களைவிட வாந்தி சீக்கிரம் வரும். ஒருமுறை காரில் வாந்தி எடுத்துப் பயந்த குட்டி காரைப் பார்த்தாலே எச்சில் ஒழுக்கும். முதலில் நின்ற காரில் உட்கார வைத்துத் தீனி, பிறகு தெருவைச் சுற்றி ஒரு வட்டம், பிறகு கோரிமேடு வரை, பிறகு அடிவாரம். மலை ஏறும் நாளில் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். குட்டி சீட்டில் உட்காரக் கூடாது, முன்சீட்டுக்காரரின் கால் பக்கம் தரையில் படுத்து வர வேண்டும். வழிகாட்டி நாய்க்கு காரில் இடம் அங்கேதான். வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும், சுற்றுலா வந்தவர்கள் பிஸ்கட் போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பான தூரத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு காரை நிறுத்தி, குரங்கைப் பார்க்கும் குட்டி திரும்பி உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு கொடுங்கள். பூனை, மாடு, கோழி, தெருநாய் எல்லாவற்றுக்கும் இதே பாடம்தான்.

நடை பற்றி ஒரு விஷயம், வீட்டு நாய்க்குச் சொல்லித்தருவதிலிருந்து மாறுவது இது. சாதாரணமாக நாய் நம் முழங்காலை ஒட்டி, நமக்குப் பின்தங்கி வர வேண்டும் என்று பழக்குவார்கள். வழிகாட்டி நாய் ஆளுக்கு இடப்பக்கம், கொஞ்சம் முன்னால் போக வேண்டும். அது முன்னால் போனால்தானே வழிகாட்ட முடியும். அதனால் குட்டியிலிருந்தே செயின் தொய்வாக இருக்க, அரை அடி முன்னால் நடக்க விடுகிறார்கள். கைப்பிடி வைத்த சேணம் இந்த வயதில் கிடையாது, அது பள்ளியில்தான். குட்டிக்கு ஒரு சிறு ஜாக்கெட் மட்டும். ஜாக்கெட் போட்டால் வேலை, கழற்றினால் விளையாட்டு என்று சீக்கிரமே புரிந்துகொள்ளும். விளையாட்டிலும் பந்தை விட்டெறிந்து எடுத்துவரச் செய்வதைப் பல பள்ளிகள் கட்டுப்படுத்துகின்றன. பந்துப் பைத்தியம் பிடித்த நாய், தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடினால் ஆளை மறந்துவிடும். எலும்பு வளர்ந்து முடியும் வரை நீண்ட ஓட்டமும், மாடிப்படி ஏறி இறங்குவதும், குதிப்பதும் குறைவாக இருக்க வேண்டும், லாப்ரடாரின் இடுப்பு மூட்டு எளிதில் கெட்டுப்போகும்.

இத்தனையிலும் எனக்குப் பெரிதாகப் படும் பாடம் எதுவும் செய்யாமல் படுத்திருப்பது. வழிகாட்டி நாய் ஒரு நாளில் நடக்கும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரம் ஆபீஸ் மேசைக்கு அடியில், பஸ் சீட்டுக்கு அடியில், கல்யாண மண்டபத்தில் நாற்காலிக்கு அடியில் சும்மா கிடக்க வேண்டும். துள்ளித் திரியும் வயதில் ஒரு குட்டிக்கு இதைவிடக் கஷ்டமானது வேறு இல்லை. ஒரு பழைய போர்வையை விரித்து, அதில் படுத்தால் அவ்வப்போது சத்தமில்லாமல் ஒரு துண்டு தீனியை வைத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்பது. முதலில் ஒரு நிமிடம், பிறகு காய் நறுக்கி முடிக்கும் வரை, பிறகு ஒரு சீரியல் முடியும் வரை. அந்தப் போர்வையை மடித்து டீக்கடைக்கும் எடுத்துப் போகலாம். பெஞ்சுக்கு அடியில் விரித்து, நாம் மேலே டீ குடிக்க, அது கீழே படுத்திருக்கும். காலைத் தூக்கி நாயைத் தாண்டிப் போகிறவர்கள் ‘அட, குரைக்கவே இல்லையே’ என்று குனிந்து தடவப் போவார்கள். அப்போது தைரியமாக, “தொடாதீங்கண்ணா, பழக்கிட்டிருக்கோம்” என்று சொல்லிவிட வேண்டும். பார்க்கிறவர் எல்லோரும் கொஞ்சுவார்கள் என்று நம்பும் நாய் எல்லோரிடமும் இழுத்துக்கொண்டு ஓடும். நாலு காலும் தரையில் இருக்கும்போது, நாம் அனுமதித்தவர் மட்டும், கொஞ்ச நேரம். பிள்ளைகளுக்கு இது நன்றாகப் புரிகிறது, எங்கள் தெருப் பையன்கள் இப்போது புதிதாக வருபவர்களுக்கு அவர்களே விதியைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

தனியாக இருக்கவும் பழக வேண்டும், தினமும் சில நிமிடங்களில் தொடங்கி. ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் எல்லாம் மறந்துபோனது போல நடந்துகொள்ளும், நேற்று வரை பயப்படாத குப்பைத்தொட்டியைப் பார்த்துப் பயப்படும். அது வயசுக் கோளாறு. பின்னால் ஒரு படி இறங்கி மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும்.

இவ்வளவும் செய்து, ஒருநாள் அந்தக் குட்டியைக் கொடுத்துவிட வேண்டும். யாரிடம் இதைப் பற்றிச் சொன்னாலும் முதலில் கேட்பது, ‘எப்படிங்க கொடுக்க மனசு வரும்?’ என்பதுதான். மனசு வராது, அழுகை வரும். அக்கா ஒவ்வொரு முறையும் அழுகிறார், பிறகு இன்னொரு குட்டியை எடுக்கிறார். அவர் வளர்த்த நாய் ஒன்று இப்போது ஒரு பெண்ணைத் தினமும் வேலைக்குக் கூட்டிப் போகிறது, அந்தப் பெண் முன்பெல்லாம் தனியாக வீட்டைவிட்டு இறங்கவே தயங்குவாராம். அந்தக் குடும்பங்கள் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் நினைக்காத நாள் இல்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும், இது நம்மிடம் வளர வந்தது என்று. எல்லாக் குட்டியும் வழிகாட்டி நாய் ஆகிவிடாது. இடுப்பு, கண், தோல் ஒவ்வாமை என்று உடல் காரணம் இருக்கலாம், பயந்த சுபாவம் இருக்கலாம். அவை வேறு உதவி வேலைக்குப் போகும், அல்லது ஒரு வீட்டில் செல்லமாக இருக்கும், பல சமயம் வளர்த்தவருக்கே திரும்பக் கேட்கும் வாய்ப்பும் உண்டு.

நம் ஊரில் வழிகாட்டி நாயை நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. வெள்ளைக்கோல்தான் பெரும்பாலானவர்களுக்குத் துணை. எங்கள் தெருவில் பார்வையில்லாத அண்ணன் ஒருவர் இருக்கிறார், வெள்ளைக்கோலோடு தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர். சிட்டுவைத் தடவிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுவிட்டு, “நல்ல விஷயந்தாங்க. ஆனா நாய் வந்தாலும் அது எங்க நடக்கும்? பிளாட்பாரம் பூரா வண்டி நிக்குது, நானே ரோட்டுல எறங்கித்தான் போறேன். தெருநாயி நாலு சேந்து வந்தா இது என்ன பண்ணும்?” என்றார். அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நாயைப் பழக்க ஒன்றரை, இரண்டு வருடம் போதும், நடைபாதையைக் காலி செய்வது நாம் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியது, அதை நாளைக்கே தொடங்கலாம். கடைக்கு முன்னால் பைக்கை நிறுத்தும்போது ஒரு ஆள் கோலோடு நடக்க இடம் விட்டால், அது நாய்க்கும் இடம்தான்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ வழிகாட்டி நாயோடு ஒருவரைப் பார்த்தால் நாயைக் கூப்பிடாதீர்கள், விசில் அடிக்காதீர்கள், கண்ணைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம், தீனி நீட்டவே நீட்டாதீர்கள். பேச வேண்டும் என்றால் அந்த மனிதரிடம் பேசுங்கள். உதவி வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டும் என்றால் எப்படி என்று அவரே சொல்வார். கேட்காமல் கையைப் பிடித்தோ சேணத்தைப் பிடித்தோ இழுக்கக் கூடாது. உங்கள் நாய் கூட இருந்தால் செயினைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுங்கள், அவர்கள் கடந்து போகும் வரை.